கந்தாய ரசீதில் நூலகத்துக்கு ஒரு வரி

பெங்களூருத் தமிழர்கள் சொத்து வரியைக் கந்தாயம் என்றுதான் சொல்வோம். ஏப்ரல் பிறந்துவிட்டால் என் கடையில் கந்தாயக் கூட்டம் தொடங்கிவிடும். நான் நடத்துவது சின்னக் கடை: ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைனில் பணம் கட்டித் தருவது. முழுத் தொகையையும் ஏப்ரலிலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதனால் ஆன்லைன் பழக்கமில்லாத பெரியவர்கள் பழைய ரசீதைப் பாலிதீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் புது ரசீதை அச்செடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு வரி என் கண்ணில் படும். நூலக செஸ், அதாவது நூலகத்துக்கென்று சொத்து வரியின் மேல் வாங்கும் தொகை, 6 சதவீதம்.

என் கடையிலிருந்து மூன்று கட்டடம் தள்ளி எங்கள் வார்டின் கிளை நூலகம் இருக்கிறது. அந்த 6 சதவீதம் கிளம்புவது என் கம்ப்யூட்டரிலிருந்து. போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கடை வாசலில் நின்றே பார்க்கலாம். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கிளை மறுபடி திறந்த 2021 முதல் 2024 வரை அங்கே நடந்ததை, பார்த்தது பார்த்தபடி எழுதுகிறேன். நூலகத்துக்கு அரசுப் பணம் எதற்கு, நல்ல மனசுள்ள நாலு பேர் சேர்ந்தால் போதாதா என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

இடம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் மேற்குப் பக்கம். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் மில் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வடாற்காடு, தர்மபுரிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். நூலகம் கார்ப்பரேஷன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் நாளிதழ் படிக்கச் சாய்வுப் பலகை போட்ட நீள மேஜை ஒன்று, பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். பின்னறையில் இரும்பு ரேக்குகள். பெரும்பாலும் கன்னடப் புத்தகங்கள், இங்கிலீஷ் ஒரு பங்கு, ஜன்னலோரமாக இரண்டு ரேக் தமிழ். கர்நாடக அரசின் நூலகத்தில் தமிழுக்கு இரண்டு ரேக் என்பது குறைவில்லை. அந்த இரண்டு ரேக்கையும் நம்பி ஒரு தெருவே இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

வந்து உட்காருகிறவர்கள் மூன்று வகை. காலையில் பெரியவர்கள், நாளிதழுக்கு. பத்து மணிக்கு மேல் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்: போலீஸ் கான்ஸ்டபிள், பஞ்சாயத்து அதிகாரி, எஃப்.டி.ஏ., எஸ்.டி.ஏ. (அரசு அலுவலகங்களில் முதல்நிலை, இரண்டாம்நிலை உதவியாளர்) என்று ஏதாவது ஒரு அரசுத் தேர்வு. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளும், புத்தகம் மாற்ற வரும் பெண்களும்.

முதலில் நின்றது நாளிதழ்தான். 2022 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா என் கடைக்கு வந்து, “ஏம்பா, இன்னிக்கு ஏதாச்சும் லீவா? மேஜையில ஒரு பேப்பர்கூட இல்லியே” என்றார். நான் கூடவே போய்ப் பார்த்தேன். நூலகப் பணியாளர் கன்னடப் பெண். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாகவே வரும் அவருக்கு.

“ஏஜென்ட் நிறுத்திட்டாரு தாத்தா. ஏழு மாசம் பில் பாக்கி. அவரும் பாவம், எத்தனை நாள் கைக்காசு போட்டுக் கொடுப்பாரு?”

“எப்பம்மா வரும்?”

“மேலே எழுதியிருக்கேன் தாத்தா. துட்டு வந்தா வந்துடும்.”

தாத்தா தினத்தந்தி படிக்கிறவர், அப்புறம் இங்கேயே அச்சாகும் தினச்சுடர். இரண்டையும் வீட்டுக்கு வாங்கினால் மாதம் எவ்வளவு ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பேசாமல் வெளியே போனார். அதற்குப் பிறகு மூன்று நாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, காலி மேஜையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். நான்காம் நாள் வரவில்லை.

அடுத்த ஒரு வருடத்தில் நடந்தவற்றை விரிக்காமல் சொல்கிறேன். டியூப்லைட் ஒவ்வொன்றாகப் போய், நான்கு விளக்கில் ஒன்று மிஞ்சியது. பின்னறைச் சுவரில் ஈரம் இறங்கியது. கட்டடம் கார்ப்பரேஷனுடையது, நூலகம் வேறு துறையுடையது என்பதால் கூரையை யார் பார்ப்பது என்று இரண்டு பக்கமும் கடிதம் போய்க்கொண்டிருந்தது. இருட்டினால் படிக்க முடியாததால் சாயங்கால நேரத்தை ஒரு மணி நேரம் குறைத்தார்கள். நேரம் குறைந்ததும் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள், அவர்களோடு வரும் அம்மாக்களும் நின்றார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தது. அதைப் பார்த்துவிட்டு, “இப்பல்லாம் யார் சார் லைப்ரரிக்கு வர்றாங்க? எல்லாம் போன்லயே படிச்சுடறாங்க” என்று ஒரு அதிகாரி சொன்னதை என் காதால் கேட்டேன். எனக்கு மனசு ஆறவே இல்லை. விளக்கை அணைத்து, நாளிதழை நிறுத்தி, கதவைச் சீக்கிரம் சாத்திவிட்டு, ஆள் வரவில்லை என்று கணக்கு எழுதுவது நியாயமா?

போன் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும், என் பிழைப்பே அதுதான். 2020இல் கர்நாடக அரசு டிஜிட்டல் பொது நூலகம் தொடங்கியது. நல்ல ஏற்பாடு, என் கடையிலேயே பல பேருக்குப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் எஸ்.டி.ஏ. தேர்வுக்குப் படிக்கிற ஒரு பையன் என்னிடம் சொன்னது வேறு: “அண்ணா, புக்கு எல்லாம் பி.டி.எஃப்.லயே இருக்கு. எனக்கு வேணும்னா ஒரு டேபிள், ஒரு சேர். வீட்ல ஒரே ரூமு, ஆறு பேரு.” பத்துக்குப் பத்து அறையில் டி.வி. ஓட, குக்கர் விசில் அடிக்க, தங்கச்சி பாடம் படிக்க, நடுவில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அமைதியான மேஜை எந்தச் செயலியிலும் கிடைக்காது. தனியார் படிப்பறைகளில் மாதம் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். இலவசமாக உட்கார இடம் தருவது பொது நூலகம் ஒன்றுதான்.

பணம் எப்படி வர வேண்டும்

நூலகம் என்பது அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். 1965இல், மாநிலத்தின் பெயர் இன்னும் மைசூர் என்றே இருந்தபோது, பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி உள்ளாட்சிகள் சொத்து வரியோடு சேர்த்து நூலக செஸ் வசூலித்து நூலக ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். நிரந்தர ஊழியர் சம்பளம் மாநில அரசின் பொறுப்பு. புத்தகம், நாளிதழ், ரேக், வாடகை போன்ற அன்றாடச் செலவுக்குப் பெரும்பாலும் இந்த செஸ்தான் ஆதாரம். பெங்களூரு ரசீதுகளில் பல வருடமாக நான் பார்த்த கணக்கு: வரியின் மேல் சுகாதாரத்துக்கு 15 சதவீதம், நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3.

எங்கள் பகுதிச் சின்ன வீடு ஒன்றுக்கு வரி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூலக செஸ் 240 ரூபாய். கிளைக்கு வந்துகொண்டிருந்தது ஒன்பது நாளிதழ். நாளுக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 1,800, வருடம் 21,600. அதாவது 90 வீட்டின் செஸ் போதும், வருடம் முழுக்க அந்த மேஜை நிரம்பியிருக்க. என் கடைத் தெருவில் மட்டுமே 90 வீட்டுக்கு மேல் இருக்கிறது. தாத்தாவின் வீடும் அதில் ஒன்று. அவர் தன் பங்கைக் கட்டிவிட்டுத்தான் காலி மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் பணம் எங்கே நின்றது? மாநகராட்சி நூலகத் துறைக்குத் தர வேண்டிய செஸ் பாக்கி நூற்றுக்கணக்கான கோடி என்று பெங்களூருப் பத்திரிகைகளில் வருடக்கணக்காகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு 1,000 கோடி சொத்து வரிக்கும் 60 கோடி நூலக செஸ் வர வேண்டும். இந்த நகரத்தின் வசூலோ சில ஆயிரம் கோடி. ரோடு, குப்பை, மழைநீர்க் கால்வாய் என்று கார்ப்பரேஷனுக்கு ஆயிரம் செலவு இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் செஸ் என்பது ஒரு காரியத்துக்கென்று பெயர் சொல்லி வாங்கிய பணம். கோயில் உண்டியலில் அன்னதானத்துக்கு என்று போட்டதை வேறு செலவுக்கு எடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? இதற்கு மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை என்றால், ரசீதில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

இதைப் பற்றி எழுதும்போது சீர்காழி ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1892இல் சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். புத்தகம் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் வளரும் உயிர். நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர் தம் கடைசிக் காலத்தை இந்த பெங்களூரில்தான் கழித்தார். 1962இல் இங்கே ஆவணப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி, 1972இல் இங்கேயே காலமானார். நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், சட்டத்திலேயே பண வழி இருக்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் அவர். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். தமிழ்நாட்டில் இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு என்பதும் அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான்.

“வளரும் உயிர்” என்று அவர் சொன்னதை நான் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். உயிர் என்றால் தினமும் சாப்பாடு வேண்டும். ஒரு நாள் விருந்து போட்டுவிட்டு ஆறு மாதம் பட்டினி போட முடியாது.

நாங்கள் செய்து பார்த்தது

2022 தீபாவளிக்கு முன்னால் ஒன்பது பேர் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் 200 ரூபாய், நாளிதழ்ப் பில்லுக்கு. பழைய பாக்கி அப்படியே இருக்கட்டும், புது மாதத்திலிருந்து நாங்கள் கொடுக்கிறோம் என்று ஏஜென்ட்டிடம் பேசினோம். நவம்பர் முதல் தேதி மேஜை நிரம்பியது. தாத்தாவை வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

நான்கு மாதம் ஓடியது. ஐந்தாவது மாதம் ஒருவர் வீடு மாறிப் போனார். ஒருவருக்கு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு. இன்னொருவர், “நம்ம பசங்க யாரும் அங்க போறதில்லையே” என்று ஒதுங்கிக்கொண்டார். மீதி ஆறு பேர் 300 ரூபாய் போட்டோம். பிறகு நான்கு பேர் 450. மே மாதம் பள்ளிக்கூட ஃபீஸ் வந்தது, அதோடு சரி. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. எல்லோரும் நல்லவர்கள், ஆனால் நல்ல மனசுக்கு மாதம் முதல் தேதி தவறாமல் பில் கட்டுகிற சக்தி கிடையாது. வரிக்கு உண்டு. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று பார்க்காமல் வந்து விழுகிற பணம் அது.

புத்தக தானமும் செய்து பார்த்தோம். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டதும் நான்கு சாக்கு நிறைய வந்தது. பிரித்துப் பார்த்தால் பத்து வருடத்துக்கு முந்தைய என்ட்ரன்ஸ் கைடுகள், பாதிப் பக்கம் கிழிந்த ஜோதிடப் புத்தகங்கள், கம்பெனி டைரிகள், ஒரே ஆங்கில நாவலின் மூன்று பிரதி. தேறியது ஒரு சாக்கு. அதையும் உடனே ரேக்கில் வைக்க முடியவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இருப்புப் பதிவேட்டில் எண் ஏற வேண்டும், முத்திரை குத்த வேண்டும், முதுகில் வகை எண் ஒட்ட வேண்டும், கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒரே பணியாளர், கதவைத் திறப்பதிலிருந்து பெருக்குவது வரை அவரே. ஒட்டுகிற பசைக்கே அவர் கைக்காசு போட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தச் சாக்கிலிருந்து நாற்பது புத்தகம் போல ரேக் ஏறியது. மீதியில் கீழே இருந்தவை சுவர் ஈரத்தில் ஊறிப்போயின.

அப்போதுதான் தமிழ் ரேக்கை நிதானமாகப் பார்த்தேன். தேதிச் சீட்டு ஒவ்வொன்றையும் புரட்டினேன். ஒரு வரலாற்று நாவலின் சீட்டில் 2011, 2012, 2013 என்று ஊதா மையில் தேதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சீட்டு தீர்ந்து அதன் மேலேயே இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். 2016க்குப் பிறகு இரண்டு மூன்று தேதிதான். தமிழ் படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று இதைப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். ஆனால் இருப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த இரண்டு ரேக்கில் கடைசியாகப் புதுத் தமிழ்ப் புத்தகம் ஏறியது 2014இல். இருந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டார்கள். நாலாவது வீட்டு அக்காவிடம் கேட்டேன். “அந்த ரேக்ல நான் படிக்காத புக்கு எதுவும் இல்லப்பா. சிலதை மூணு தடவை படிச்சிட்டேன். அப்புறம் எதுக்குப் போறது?” என்றார்.

பணம் குறையும்போது முதலில் அடிபடுவது சின்ன மொழியின் ரேக்தான். இதில் யாருடைய வன்மமும் இல்லை. இருக்கிற கொஞ்சப் பணத்தில் மொத்தக் கொள்முதல் பட்டியலில் வருவதை வாங்குவார்கள். மாநில மொழிக்கு முன்னுரிமை, அது சரியும்கூட. இந்தத் தெருவுக்குத் தமிழ், அந்தத் தெருவுக்கு உருது, இன்னொரு இடத்துக்குத் தெலுங்கு என்று கிளைக்கிளையாகப் பார்த்து வாங்க வேண்டுமானால் கையில் கொஞ்சம் தாராளமாகப் பணம் இருக்க வேண்டும். “ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்” என்ற விதி நடைமுறையில் பட்ஜெட்டைப் பொறுத்தது. அல்சூரில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நூலகம் வைத்திருக்கிறது, அருமையான பணி. ஆனால் மேற்குக் கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போய் ஒரு நாவலை மாற்றிக்கொண்டு வா என்று அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது?

நிலைமை முழுக்க இருட்டு என்று எழுதினால் அது பொய். 2024 தொடக்கத்தில் ஏதோ ஒரு தவணை வந்தது. ஏஜென்ட் பாக்கியில் பெரும்பகுதி தீர்ந்தது, நாளிதழ் திரும்பியது, டியூப்லைட்டுகள் மாறின. சாயங்கால நேரம் பழையபடி எட்டு மணி வரை என்றானதும் இரண்டே வாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். யாரும் விளம்பரம் செய்யவில்லை. விளக்கு எரிந்தது, வந்தார்கள். யாரும் வருவதில்லை என்ற பேச்சுக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை. கிராமப் பக்கமும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2019இல் கர்நாடகத்தின் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களைப் பஞ்சாயத்து ராஜ் துறைக்கு மாற்றி, கவனமும் பணமும் கொடுத்தார்கள். அறிவு கேந்திரம் என்று பெயர்; அறிவு என்ற சொல் கன்னடத்திலும் அறிவுதான். சும்மா பூட்டிக் கிடந்த பல அறைகளில் இன்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் கிளைக்கு அந்தத் தவணை ஏன் வந்தது, அடுத்தது எப்போது, யாருக்கும் தெரியவில்லை. பணியாளருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தானே வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம், தமிழ்ப் புத்தகத்துக்குப் பட்டியல் போடலாம்? ஏஜென்ட் இப்போது இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி வைக்க மாட்டேன் என்கிறார். அவர் நிலையில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். எங்கள் வார்டிலிருந்து மூன்று வருடத்தில் வசூலான நூலக செஸ் எவ்வளவு, அதில் நூலக ஆணையத்துக்குப் போனது எவ்வளவு, எந்தத் தேதியில்? இவ்வளவுதான் கேட்டேன். பதில் வந்தது: வார்டு வாரியாக செஸ் கணக்கு தனியாகப் பராமரிக்கப்படுவதில்லை. மேல்முறையீடு செய்தேன், அதே வாசகம், வேறு கையெழுத்து. ஒவ்வொரு ரசீதிலும் தனி வரியாகப் பைசா சுத்தமாக அச்சாகிற தொகை, வாங்கிய பிறகு எப்படித் தனியாகத் தெரியாமல் போகும் என்று எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கை எடுப்பது பெரிய வேலையே இல்லை.

நான் கேட்பது அதிகம் இல்லை. வசூலான செஸ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தானாகவே ஆணையத்தின் கணக்குக்குப் போக வேண்டும். எந்தக் கிளைக்கு எவ்வளவு என்று அந்தந்தக் கிளையின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்தப் பலகை இப்போதும் இருக்கிறது; அதில் 2017ஆம் வருட விடுமுறைப் பட்டியல் தொங்குகிறது.

2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. பழைய வருடங்களின் செஸ் பாக்கிக்கு எங்கள் பகுதிக்கு எந்த மாநகராட்சி பதில் சொல்ல வேண்டும் என்று புது மனு எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், 112 சொல். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரும் வாங்கி வைத்தாயிற்று. தாத்தா தானும் ஒன்று போடுவதாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை, நாளிதழ் படித்து முடித்ததும், இரண்டையும் சேர்த்துத் தபாலில் போடப் போகிறோம்.